சில்வி பேரட்டின் வயல்வழி

அட்ராக்டா டர்கன் ஒரு வாயாடி. அதை அவளே மறுக்க மாட்டாள். அந்தப் பெயர் பழைய ஐரிஷ் புனிதை ஒருத்தியுடையது. பர்மிங்காமில் பேருந்து ஓட்டிய காலத்தில் அதைச் சொன்னாலே ஆங்கிலேயர்கள் சிரித்தார்கள் என்று அங்கே ‘அன்னா’ ஆனாள். நாற்பதைத் தாண்டிய பிறகு ஐரிஷ் மேற்குக் கரையில் தன் சொந்த மாவட்டமான மேயோவுக்குத் திரும்பி வந்து, கஹல் என்ற படகுக்காரனைக் கட்டிக்கொண்டாள். அன்று முதல் ஊருக்கு அவள் அட்டி.

வந்த வருஷமே பழைய மினி பஸ் ஒன்றை வாங்கினாள். காலையில் பக்கத்து டவுனான பாலினாவில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொள்வாள். சதுப்பு நிலம், கூரை போன மடாலயம், ஒரு வீட்டில் டீயும் ஸ்கோன் பன்னும், கடைசியில் கடல்மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறைமுனை. எல்லாம் காட்டிவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவாள். வழி முழுக்க மைக்கில் பேச்சுதான். மழை பெய்தால் மழையைப் பற்றி, பெய்யாவிட்டால் ஏன் பெய்யவில்லை என்பதைப் பற்றி. அவள் சொல்லும் கதைகளில் பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மையாக இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும்.

அந்தப் பாறைமுனைக்காகத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். ஆனால் அங்கே போக அரசாங்கப் பாதை எதுவும் கிடையாது. ஒரு பக்கம் காலை வைத்தால் இடுப்புவரை இழுக்கும் சதுப்பு, இன்னொரு பக்கம் செங்குத்துப் பள்ளம். நடுவில் சில்வி பேரட் என்ற பெரியவரின் மேய்ச்சல் வயல். அந்த நாட்டில் வயல்காரன் விட்டால் வழி உண்டு, விடாவிட்டால் இல்லை. முதல் வருஷம் அட்ராக்டா ஒரு கேக்கைச் சுட்டு எடுத்துக்கொண்டு போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டாள். சில்வி கேக்கை மோந்து பார்த்துவிட்டு, “உலர்திராட்சை போட்டிருக்கியா?” என்றார். போட்டிருந்தாள். அத்தோடு சரி, வழி கிடைத்துவிட்டது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனிதர், தங்கை பிலோமினாவோடு ஒரே வீட்டில் இருந்தார். பஸ் வரும் சத்தம் கேட்டால் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வயல் கேட்டுப் பக்கம் வந்து நிற்பார், எதேச்சையாக வந்தவர் மாதிரி. அதற்குள் அட்ராக்டா மைக்கில் அவரைப் பற்றி அளந்து முடித்திருப்பாள்: இவர் மாடுகளோடு ஐரிஷ் மொழியில்தான் பேசுவார், அமெரிக்காவுக்குப் போனவர் அங்கே மழையே இல்லை என்று அதே வாரம் திரும்பி வந்துவிட்டார், இப்படி. சில்விக்கு இதெல்லாம் தெரியும். “இந்த வாரம் நான் புதுசா என்னம்மா பண்ணியிருக்கேன்?” என்று கேட்பார். விருந்தாளிகள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கஹலுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சில் கொஞ்சம்தான் மிஞ்சியது. பகலில் அடுத்த வீட்டு நோரா வந்து உட்கார்ந்துகொள்வாள். சாயங்காலம் அட்ராக்டா வந்தாக வேண்டும், நோராவுக்கும் குடும்பம் இருக்கிறது. அந்த மூலையில் சாயங்காலம் வீட்டுக்கு வரவிடும் வேலை வேறு எது இருக்கிறது? மீன் தொழிற்சாலைக்குப் போனால் ஷிஃப்ட் முறை. பிறகு கஹலை முதியோர் விடுதியில்தான் விட வேண்டும். அவன் அம்மா அங்கேதான் கிடந்து செத்தாள். டாக்டர் அந்த விடுதியின் பெயரை எடுத்த அன்று கஹல் இடது கையால் அட்ராக்டாவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அது ஒரு வாரத்துக்குக் கன்றிப் போயிருந்தது. அங்கே அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள். பஸ் ஓடினால் கஹல் வீட்டில் இருப்பான். பாறைமுனை இருந்தால் பஸ் ஓடும். அந்தக் கேட் திறந்திருந்தால்தான் பாறைமுனை. அவள் வாழ்க்கை அந்த அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

கேட்டுக்கு ஆபத்து ஈஸ்டர் சமயத்திலேயே தலைகாட்டிவிட்டது. சில்வியின் தம்பி மகன் எண்டா டப்ளினில் ஏதோ ஆபீஸில் இருப்பவன். வயல் கடைசியில் அவனுக்குத்தான் போகும் என்பது ஊரறிந்த விஷயம். போன இலையுதிர் காலத்தில் ஒரு பெண்மணி வயலில் சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். அதோடு முடிந்த விஷயம்தான், ஆனால் எண்டா காதுக்கு எட்டிவிட்டது.

“எவளாவது கீழ விழுந்து கேஸ் போட்டா யார் பதில் சொல்றது?” என்று ஈஸ்டருக்கு வந்தவன் அட்ராக்டாவின் முகத்துக்கு நேராகவே கேட்டான். “பெரியப்பாவுக்கு மனசு இளகினது. என் கைக்கு வரட்டும், முதல் வேலையா சங்கிலி போட்டுருவேன்.”

“உன் கைக்கு வர்றதுக்குள்ள நான் இன்னும் ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சிருவேன்டா அந்தக் கேட்டுக்கு,” என்று சில்வி சிரித்தார். அட்ராக்டாவும் சிரித்து வைத்தாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த வசந்தத்தில் சில்வி பெயின்ட் அடித்தது உண்மை. கேட்டுக்கு மட்டுமில்லை, வீட்டுச் சுவருக்கும் அடித்தார். வீட்டுப் பூசை வைக்கும் முறை அந்த வருஷம் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அங்கே பாதிரியார் வருஷத்துக்கு இரண்டு தடவை ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்து பூசை வைப்பார். அக்கம்பக்கமெல்லாம் வந்து கூடும். பூசை முடிந்ததும் சாப்பாடு. யார் வாசலில் வந்து நின்றாலும் உள்ளே கூப்பிட வேண்டும். முறை வரும் வீட்டுக்காரர்கள் பத்து வருஷமாகச் செய்யாத வெள்ளையடிப்பை எல்லாம் அந்த ஒரு மாதத்தில் செய்து முடிப்பார்கள்.

இங்கே வானொலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேயோவின் உள்ளூர் வானொலியில் காலைச் செய்தி முடிந்ததும் சாவுச் செய்தி வாசிப்பார்கள். யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு, உடல் எங்கே வைத்திருக்கிறது, அடக்கம் எப்போது. அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், டீக்கோப்பையைக்கூடச் சத்தமில்லாமல்தான் கீழே வைப்பார்கள். அட்ராக்டா பஸ்ஸிலும் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். எவனோ ஒரு புண்ணியவான், ‘ஓட்டுநர் காலங்காத்தாலே செத்தவர்கள் பெயரைக் கேட்க வைக்கிறாள்’ என்று இணையத்தில் எழுதிவிட்டான். டிக்கெட் விற்றுத் தரும் ஏஜென்ட் கூப்பிட்டு, “ஏம்மா, உல்லாசப் பயணமா, இழவு ஊர்வலமா? ஃபிடில் பாட்டு ஏதாவது போடு,” என்றான். அதே பேச்சில், மற்ற பஸ்கள் கொடுக்காத எதையாவது நீ கொடுத்தால்தான் உண்டு, ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்றும் சொல்லிவைத்தான். அதிலிருந்து பஸ்ஸில் ஃபிடில்தான்.

வானொலியில் வந்ததை நோராவாவது சொல்லியிருப்பாள். அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. இந்தக் கதை நடந்த நாளுக்கு முந்தைய இரண்டு நாளும் அட்ராக்டா கஹலோடு காஸில்பார் மருத்துவமனையில் கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, மூன்றாம் நாள் காலையில் கஹல் கட்டிலிலிருந்து கீழே விழுந்துவிட்டான். அவளும் நோராவும் சேர்ந்து அவனைத் தூக்கி உட்கார வைத்து, அவன் அழுகையை நிறுத்துவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வேறு பேச்சுக்கு அங்கே ஏது இடம்?

ஆக, அன்றைக்கு அவள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு பேரட் வீட்டுத் திருப்பத்துக்கு வந்தபோது, மைக்கில் சில்வியின் அமெரிக்கக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “இப்போ பாருங்க, தொப்பியோட கேட்டுப் பக்கம் நிப்பாரு. தெரியாத மாதிரி கையாட்டுங்க,” என்றாள். பஸ்ஸே சிரித்தது.

கேட்டுப் பக்கம் சில்வி இல்லை. வழி நெடுக கார்கள். வீட்டின் முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. வெள்ளைச் சுவர் பளிச்சென்று இருந்தது. பெண்கள் துணி மூடிய தட்டுகளோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். முன்னறை ஜன்னல் வழியாக வெள்ளை விரிப்பும், ஏற்றி வைத்த மெழுகுவத்தியும் தெரிந்தன.

வீட்டுப் பூசை! அட்ராக்டாவுக்கு மனசு துள்ளியது. எவனும் காசு கொடுத்து வாங்க முடியாத காட்சி, அதுவும் தன் பஸ்ஸுக்கு மட்டும். ஏஜென்ட் வாயை அடைத்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் பாக்கி லாவெல் மஞ்சள் மேல்சட்டை மாட்டிக்கொண்டு கார்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுப் பூசைக்கு யாராவது மஞ்சள் சட்டை போட்ட ஆளை நிறுத்துவார்களா என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கிடைத்தது அதிர்ஷ்டம் என்று தாவிப் பிடிப்பவளுக்குக் கண் எங்கே தெரியும்?

“வந்துட்டியா அட்டி, நல்லது. பஸ் நிறைய ஆளோட வந்திருக்கே,” என்றார் பாக்கி.

“பின்னே, வராம இருப்பேனா?” என்றாள் அட்ராக்டா.

மைக்கை எடுத்தாள். “உங்களுக்கு யோகம்தான். இன்னிக்கு இந்த வீட்டுல பூசை. யார் வந்தாலும் உள்ள கூப்பிட்டுச் சோறு போடுற நாள். என் பின்னாலயே வாங்க, யார் கை நீட்டினாலும் கையைக் குடுங்க, டீ குடுத்தா வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க.” பஸ் கம்பெனி பெயர் போட்ட ஆரஞ்சு நிற மழைக்கோட்டுகளோடு எல்லாரும் இறங்கினார்கள். அமெரிக்காவில் ஓஹையோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஹாரியட், ஒரு ஜெர்மன் குடும்பம், புதுசாய்க் கல்யாணமான ஜப்பான் ஜோடி, இன்னும் சிலர். தலையில் தொப்பி, கையில் போன்.

முன்னறைக்குள் இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றாள். வெள்ளை விரிப்பின்மேல் சவப்பெட்டி இருந்தது. அதற்குள் சில்வி, கல்யாணத்துக்குப் போவது மாதிரி கோட்டும் டையுமாக, விரல்களில் ஜெபமாலை சுற்றிப் படுத்திருந்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆரஞ்சுக் கோட்டுகளைப் பார்த்தார்கள்.

‘கேட்’ என்று நினைத்தாள் அட்ராக்டா.

சில்வி என்று நினைக்கவில்லை. ஐயோ என்றுகூட நினைக்கவில்லை. கேட் போச்சு, கஹலை என்ன பண்ணுவேன் என்றுதான் நினைத்தாள். அடுத்த மூச்சிலேயே தான் என்ன நினைத்தோம் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது.

பின்னாலிருந்து ஹாரியட் மெதுவாக, “இவர்தானா அவர்? கேட்டுப் பக்கம் நிப்பார்னு சொன்னீங்களே?” என்று கேட்டாள்.

சவப்பெட்டியின் தலைமாட்டில் எண்டா நின்றிருந்தான். முகம் சிவந்து வெளுத்தது. திரும்பி ஓடிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சாவு வீட்டுக்குள் வந்த பிறகு கையைப் பிடிக்காமல் போவதைவிடப் பெரிய குற்றம் அங்கே கிடையாது. அவள் முன்னால் போய் எண்டாவின் கையைப் பிடித்து, “உங்க துக்கத்துல நானும் சேர்ந்துக்கறேன்,” என்று எல்லாரும் சொல்வதைச் சொன்னாள். அடுத்தது பிலோமினா. பிறகு உறவுக்காரர்கள் வரிசை. கடைசி வரை போய்த் திரும்பிப் பார்த்தால், அவள் சொன்ன சொல்லைத் தட்டாமல் ஹாரியட் எண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க துக்கத்துல நானும் சேர்ந்துக்கறேன்,” என்று அதே தொனியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஜெர்மன்காரர், அவர் பெண்டாட்டி, பிள்ளைகள். ஒருத்தர் விடாமல் கை கொடுத்து, ஒருத்தர் விடாமல் அதே வாசகத்தைச் சொன்னார்கள். ஜப்பான் ஜோடி சவப்பெட்டி முன்னால் நின்று இடுப்பு வரை குனிந்து வணங்கி, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. சுவரோரம் இருந்த ஒரு கிழவி, “பாரு, எவ்வளவு மரியாதை!” என்று மூக்கைச் சிந்தினாள்.

அறை கொஞ்சம் இளகியது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். சாண்ட்விச் தட்டு சுற்றி வந்தது. “ஜப்பான்ல இருந்து துக்கம் விசாரிக்க ஆள் வந்திருக்காய்யா சில்விக்கு,” என்று பாக்கி வாசலில் நின்றவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் ஊர் அதை ஒரு நல்ல கதையாக வைத்துக்கொண்டிருக்கும்.

எண்டா அவளை நடையில் மடக்கினான். குரலை உயர்த்தவில்லை. “பெரியப்பாவும் இப்போ உங்க பஸ்ல ஒரு ஸ்டாப்பா?”

“சத்தியமா எனக்குத் தெரியாது எண்டா. பூசைன்னு நெனச்சுட்டேன்.”

“ஊருக்கே தெரியும். தினம் மைக்கில அவரை வெச்சுக் கதை விடுறவங்களுக்கு மட்டும் தெரியலையா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அட்ராக்டா நடையிலேயே நின்று கணக்குப் போட்டாள். நாளைக்கு அடக்கம். அது முடிந்ததும் இவன் சங்கிலியைப் போட்டுவிட்டு டப்ளினுக்குக் காரைத் திருப்பிவிடுவான். நாளன்றைக்கு வேறொரு கூட்டம் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறது. கஹல் காலையில் தரையில் கிடந்து அழுத அழுகை காதுக்குள்ளேயே இருந்தது. சாவு வீட்டில் நிலத்தைப் பற்றியும் வழியைப் பற்றியும் பேசக் கூடாது. பிணம் கல்லறைக்குப் போகும்வரை வேலிச்சண்டைக்காரர்கள்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். அவளுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சமையலறைக்குள் போனாள்.

பிலோமினா அடுப்படியில் பெரிய டீக்கெண்டியோடு நின்றிருந்தாள். அட்ராக்டாவைப் பார்த்ததும் கெண்டியைக் கீழே வைத்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கோபமே இல்லை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“வந்தியே அட்டி. உன் மேல ரொம்பப் பிரியம் அவனுக்கு. நல்லாத்தான் இருந்தான், பார்த்துக்கோ. காலைல கஞ்சி குடிச்சான். கன்னுக்குட்டியைப் பார்த்துட்டு வர்றேன்னு தொழுவத்துக்குப் போனவன், கொஞ்ச நேரம் கழிச்சு நான் போய்ப் பார்த்தா...”

“பிலோமினா, அந்தக் கேட்,” என்றாள் அட்ராக்டா.

பிலோமினா நிறுத்தினாள்.

“எண்டா சங்கிலி போட்டுருவான். ஈஸ்டர்லயே சொன்னான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். கஹலை நான் அங்க கொண்டுபோய் விட முடியாது பிலோமினா, செத்துருவான். இன்னிக்குக் காலைல கூட விழுந்துட்டான். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.” பேசப் பேச வார்த்தைகள் அவளை மீறி வந்து விழுந்தன. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தண்ணீர்க் குழாயை மூடினார்கள்.

பிலோமினா அவள் கைகளை விட்டாள். முரட்டுத்தனமாக இல்லை, ஒரு தட்டைக் கீழே வைப்பது போல. “அந்தக் கேட்டுக்கு ஒண்ணும் ஆகாது,” என்றாள். “தான் போனாலும், இந்த வீட்டுல நான் இருக்கற வரைக்கும் அட்டிக்கு அதை அடைக்கக் கூடாதுன்னு எண்டா கிட்ட சில்வி சத்தியம் வாங்கிட்டான். கிறிஸ்துமஸ் சமயத்துலயே. எண்டாவும் சரின்னான். அடக்கம் ஆனதுக்கப்புறம் நானே வந்து உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.”

கிறிஸ்துமஸுக்கே சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு, ஈஸ்டருக்கு வந்து சங்கிலி என்று மிரட்டியிருக்கிறான் பையன். சில்வி சிரித்ததற்கு அதுதான் காரணமா? அட்ராக்டா நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

பிலோமினா கெண்டியைத் தூக்கிக்கொண்டாள். “நாளைக்குக் கல்லறைக்கு வந்துதான் ஆகணும்னு இல்லம்மா. உனக்குப் பஸ் இருக்கும்.”

இவ்வளவு மரியாதையாகத்தான் அந்த ஊரில் கதவைச் சாத்துவார்கள். அட்ராக்டாவுக்கு அர்த்தம் புரிந்தது, குழாயை மூடிய இரண்டு பெண்களுக்கும் புரிந்தது. நாளைக்கு ஊரே சவப்பெட்டி பின்னால் நடக்கும்போது அட்டி எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். முன்னறை வழியாக வெளியே போகத் தைரியம் வரவில்லை. பின்வாசல் வழியாக, தொழுவத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

விருந்தாளிகள் வெளியே கூடி நின்றிருந்தார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. ஜெர்மன் பிள்ளைகள்கூட அமைதியாக இருந்தன. பாறைமுனைக்கு வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட மாட்டார்களா என்று பார்த்தாள். சொல்லவில்லை. அவர்கள் காசு கொடுத்தவர்கள், அவள் கூட்டிப்போக வந்தவள். கேட் புதுப் பெயின்டோடு திறந்து கிடந்தது. எல்லாரையும் உள்ளே விட்டாள். மழை லேசாகத் தூறத் தொடங்கியது. மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போய்விட்டன.

வழக்கமாக இந்த இடத்தில் அவள் மைக் இல்லாமலே இரண்டு கதை சொல்லுவாள். இன்று ஒன்றும் வரவில்லை. நினைத்தது நடந்துவிட்டது. கஹல் வீட்டிலேயே இருப்பான். நாளன்றைக்கு பஸ் ஓடும். அதற்குப் பிறகும் ஓடும். தினமும் இந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஹாரியட் தடுமாறாமல் இருக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வயலின் பாதியில் நின்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“பாவம், நல்ல மனுஷர் போல,” என்றாள். “எப்படி இறந்தாராம்?”

சாவு வீட்டில் கையைப் பிடித்ததும் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அதைச் சொல்லித்தான் வீட்டுக்காரர்கள் அழுவார்கள். அடுப்படியில் பிலோமினாவும் அதைத்தான் சொல்ல ஆரம்பித்தாள், கஞ்சி குடித்ததைச் சொன்னாள், சொல்லிக்கொண்டே தொழுவம் வரைக்கும் வந்துவிட்டாள்.



“தெரியாதும்மா,” என்றாள் அட்ராக்டா. “நான் கேக்கவே இல்ல.”